ஊழியர் மதிப்பீடும் ஊரில் தங்கும் சுற்றுலாப் பணமும்

ஒரு பகுதிக்குச் சுற்றுலாவால் எவ்வளவு நன்மை என்று கேட்டால், பெரும்பாலும் பதிலாக வருவது வந்தவர்களின் எண்ணிக்கைதான். 2019-இல் உலகெங்கும் நாட்டு எல்லை தாண்டி வந்த சுற்றுலாப் பயணிகளின் வருகைகள் சுமார் 146 கோடி. பெருந்தொற்று வந்த 2020-இல் அது ஏறக்குறைய 40 கோடிக்குச் சரிந்தது. 2024-இல் மீண்டும் 140 கோடியை எட்டியது. இத்தகைய எண்களை அரசுகள் பெருமையோடு வெளியிடுகின்றன. வந்த பணத்தில் எவ்வளவு அந்த மண்ணில் தங்கியது என்பது இந்தத் தலைக்கணக்கில் தெரியாது. அதைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்றைப் பொருளாதார அறிக்கைகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. விடுதிகளும் பயண நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களின் வேலையை எப்படி அளக்கின்றன, எதற்குப் பரிசு தருகின்றன, யாரைப் பதவி உயர்த்துகின்றன என்பதே அந்தக் காரணம்.

ஊழியர் செயல்திறன் மனிதவளப் பிரிவின் உள்விவகாரம் என்றும், உள்ளூர்ப் பொருளாதாரம் திட்டமிடும் அரசு அலுவலகங்களின் பொறுப்பு என்றும் பிரித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சுற்றுலாவில் இவை இரண்டும் சம்பளப் பட்டியலில் ஒன்றுசேர்கின்றன.

பணம் எத்தனை சுற்று வருகிறது

பயணி விடுதிக்குக் கொடுக்கும் பணம் முதல் சுற்றிலேயே பல திசைகளில் பிரிந்துவிடுகிறது. முன்பதிவுத் தளத்தின் கமிஷன், பெரிய விடுதிச் சங்கிலியின் பெயரைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், வெளியூர் உரிமையாளரின் லாபம், கட்டடக் கடனுக்கான வட்டி, இறக்குமதி செய்த லிஃப்ட், ஏசி, சலவை இயந்திரம் என்று ஒரு பெரும் பங்கு அந்தப் பகுதியை விட்டு வெளியேறுகிறது. பொருளாதார அறிஞர்கள் இதைக் கசிவு என்கிறார்கள். மிஞ்சுபவை ஊழியர் சம்பளம், உள்ளூரில் கொள்முதல் செய்த பொருள்கள், உள்ளூர் வரி ஆகியவை. சம்பளம் வாங்கியவர் வாடகை கட்டுகிறார், மளிகை வாங்குகிறார், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்துகிறார். ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானமாகிறது. இப்படி ஒரே பணம் பலமுறை வருமானமாவதைப் பொதுப்பணிகளை முன்வைத்து பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் கான் 1931-இல் கணக்காக எழுதிக் காட்டினார். பிரிட்டன் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் அதைப் பரவலாக்கினார். 'பெருக்கி' எனப்படும் அந்தக் கருத்தைப் பிற்பாடு சுற்றுலா ஆய்வாளர்கள் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு எளிய கணக்கு. பயணிகள் 100 பங்கு பணம் செலவழிக்கிறார்கள் என்று கொள்வோம். முதல் சுற்றில் 40 பங்கு உள்ளூரில் தங்குகிறது. உள்ளூர் மக்கள் தங்கள் வருமானத்தில் பாதியை உள்ளூரிலேயே மறுபடி செலவு செய்கிறார்கள். 40, 20, 10, 5 என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்த உள்ளூர் வருமானம் 80 பங்கு. அதே 100 பங்கில் முதல் சுற்றில் 60 தங்கினால் மொத்தம் 120. பயணிகளின் எண்ணிக்கையும் அவர்கள் செலவழித்த தொகையும் கொஞ்சமும் மாறவில்லை. உள்ளூர் வருமானம் மட்டும் ஒன்றரை மடங்காகிவிட்டது. புதிய விளம்பரப் பிரசாரத்தால் பயணிகளை ஐம்பது சதவீதம் கூட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

கசியும் பங்குகளில் பலவற்றை உள்ளூர் நிர்வாகத்தால் தொட முடியாது. கமிஷனையும் வட்டியையும் ஊராட்சி குறைக்க முடியாது. சம்பளம் அப்படியல்ல. சேவைத் தொழிலில் அது மிகப் பெரிய செலவினங்களில் ஒன்று. வேலை செய்பவர் அங்கேயே வாழ்ந்தால், உள்ளூரில் தங்க மிக அதிக வாய்ப்புள்ள பணமும் அதுதான். ஆகவே யாருக்கு வேலை கிடைக்கிறது, அவர் எந்தப் படிநிலை வரை உயர்கிறார், எத்தனை மாதம் சம்பளம் வாங்குகிறார், எத்தனை ஆண்டு நீடிக்கிறார் என்ற கேள்விகள் ஒரு பகுதியின் பொருளாதாரக் கேள்விகளாகவே ஆகிவிடுகின்றன. இந்த நான்குக்கும் விடை சொல்வது செயல்திறன் நிர்வாகம்.

சுற்றுலாவின் பங்கை அளக்க நாடுகளுக்கென ஒரு கணக்கு முறை இருக்கிறது. சுற்றுலாத் துணைநிலைக் கணக்கு எனப்படும் அதை ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையம் 2000-இல் ஏற்றது; 2008-இல் அது திருத்தப்பட்டது. அது நாட்டளவில் பார்க்கும் கருவி. ஒரு கடற்கரை ஊரின் மேற்பார்வையாளர் பதவிகளில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்பதை அது காட்டாது.

எதை அளக்கிறோம்

ஆண்டுக்கொரு முறை ஊழியரை உட்காரவைத்து மதிப்பெண் தரும் அப்ரைசல் முறை மீது நிர்வாகவியலிலேயே நம்பிக்கை தேய்ந்துவிட்டது. மென்பொருள் நிறுவனமான அடோபி 2012-இல் அதைக் கைவிட்டது. ஊழியர்களை ஒருவருக்கொருவர் எதிராக வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் விட்டொழித்தது. இதற்கு ஆய்வுப் பின்னணியும் உண்டு. 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆயிரக்கணக்கான மேலாளர்கள் பெற்ற மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தது. மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேல், மதிப்பிட்டவரின் தனிப்பட்ட பார்வையிலிருந்தே வந்திருந்தது. மதிப்பிடப்பட்டவரின் வேலைத்திறன் விளக்கியது அதைவிடக் குறைவு. 1996-இல் க்ளூகர், டெனிஸி என்ற ஆய்வாளர்கள் பின்னூட்டம் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாகப் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறன் முன்பைவிடக் குறைந்தது. பேச்சு வேலையை விட்டு விலகி ஆளைப் பற்றித் திரும்பும்போது சேதம் அதிகம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

சுற்றுலாத் தொழிலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. இங்கே வேலையின் பெரும்பகுதி விருந்தினரின் கண்முன்னால் நடக்கிறது. களைப்பை மறைத்து முகமலர்ச்சியோடு பேசுவதும் வேலையின் ஒரு பகுதி. அது எளிதில் எண்ணிக்கைக்குள் அடங்குவதில்லை. அதனால் எண்ண முடிந்தவை மட்டும் எண்ணப்படுகின்றன: ஒரு ஷிஃப்டில் சுத்தம் செய்த அறைகள், பேசி முடித்த அழைப்புகள், ஆன்லைன் ரிவியூவில் விழுந்த நட்சத்திரங்கள்.

அறைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினில் 2012-இல் வந்த தொழிலாளர் சட்டத் திருத்தம், துறை முழுவதற்குமான சம்பள ஒப்பந்தத்தைவிட நிறுவன அளவிலான ஒப்பந்தத்துக்கு முன்னுரிமை கொடுத்தது. ஹோட்டல்கள் அறைச் சுத்தத்தை வெளி ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைப்பது பெருகியது. குறைந்த சம்பளம், கூடுதல் அறைகள், முதுகுவலி, மணிக்கட்டு வலி என்ற நிலையில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் 'லாஸ் கெலிஸ்' என்ற பெயரில் திரண்டார்கள். அவர்களின் பல ஆண்டுப் போராட்டத்தை ஊரறிந்தது. துறை ஒப்பந்தச் சம்பளத்துக்கான முன்னுரிமையை 2021 இறுதியில் வந்த சீர்திருத்தம் மீட்டுத் தந்தது. 2022-இல் ஸ்பெயினின் பலேரிக் தீவுகளின் சுற்றுலாச் சட்டம், ஹோட்டல்களில் உயர்த்தி இறக்கக்கூடிய கட்டில்களைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது.

அந்தக் கட்டிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். குனிந்து குனிந்து மெத்தையைத் தூக்குபவர் பன்னிரண்டாவது அறையில் மெதுவாகிறார் என்றால், செயல்திறன் குறிப்பேடு அதை அவருடைய குறையாகப் பதிவு செய்யும். உண்மையில் குறை கட்டிலில் இருக்கிறது. வேலையின் விளைவில் பெரும்பகுதியை அமைப்பு தீர்மானிக்கிறது, தனி ஆள் தீர்மானிப்பது குறைவு என்று தர நிர்வாக அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் வாழ்நாள் முழுக்க வற்புறுத்தினார். அவர் சொன்னதை அறைச் சுத்தத்தைப்போல் தெளிவாகக் காட்டும் வேலைகள் குறைவு. உடல் கெட்டு அந்தப் பெண் நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டால் நிறுவனம் வேறொருவரை அமர்த்திக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் வருமானத்தை இழந்து மருத்துவச் செலவை ஏற்பது அந்த ஊர்.

நட்சத்திரக் கணக்கு இதைவிட நுணுக்கமானது. ரிவியூக்களுக்குப் பண மதிப்பு உண்டு என்பதில் சந்தேகமில்லை. சியாட்டில் நகர உணவகங்களைப் பற்றி ஹார்வர்டு ஆய்வாளர் ஒருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்ற ரிவியூ தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது. இந்த விளைவு தனி உரிமையாளர்களின் உணவகங்களில்தான் தெரிந்தது. பெரிய சங்கிலி உணவகங்களில் தென்படவில்லை. உள்ளூர்க்காரர் நடத்தும் சிறு இடத்துக்கு இது நல்ல செய்தி: பெரிய பெயர் இல்லாத குறையை நல்ல சேவை ஈடுகட்டும். ஆனால் அதே நட்சத்திரத்தைத் தனி ஊழியரின் போனஸோடு கட்டும்போது அநியாயம் தொடங்குகிறது. வைஃபை மெதுவாக இருந்ததற்கும், பக்கத்தில் கட்டட வேலை நடந்ததற்கும், மழை பெய்ததற்கும் வரவேற்பு மேசையில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிவியூவை நிறுவனத்தின் கண்ணாடியாக வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் இன்க்ரிமென்டை அதைக்கொண்டு முடிவு செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மாற்றாக அதிகாரத்தைக் கீழே இறக்கிய நிறுவனங்களும் உண்டு. விருந்தினரின் பிரச்சினையைத் தீர்க்க, மேலாளரிடம் கேட்காமலே ஒரு விருந்தினருக்கு 2,000 டாலர் வரை செலவிடலாம் என்ற ரிட்ஸ்-கார்ல்டன் விடுதிச் சங்கிலியின் விதி பரவலாக அறியப்பட்டது. தொகை முக்கியமில்லை, அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கைதான் முக்கியம். முடிவெடுக்கும் உரிமை இல்லாதவரிடம் விளைவுக்குக் கணக்குக் கேட்பதில் நியாயம் இல்லை.

கிளிமஞ்சாரோவின் சுமை தூக்குபவர்கள்

வேலையை எப்படி அளப்பது, பணம் எங்கே தங்குகிறது என்ற இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமானால் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்குப் போக வேண்டும். ஏறுபவர் ஒருவர், அவருக்கு வழிகாட்டி, சமையல்காரர், கூடாரமும் உணவும் சுமக்கும் சில போர்ட்டர்கள் என்று ஒவ்வொரு பயணமும் உழைப்பு மிகுந்தது. பிரிட்டனின் வெளிநாட்டு வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, மலையேறிகள் நாட்டுக்குள் செலவழித்த ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலரில் 28 சதவீதம் ஏழை மக்களைச் சென்றடைந்ததாகக் கணக்கிட்டது. சர்வதேசச் சுற்றுலாவில் இது மிக உயர்ந்த பங்கு. அதில் பெரும்பகுதி மலைப் பணியாளர்களின் கூலியும் டிப்ஸும்.

ஆனால் அந்தப் பணம் தானாக அவர்களைச் சேர்ந்துவிடவில்லை. கூலியைக் குறைப்பது, டிப்ஸைப் பாதி வழியில் பிடித்துக்கொள்வது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது போன்ற குறைகள் நெடுங்காலமாகப் பேசப்பட்டவை. 2003-இல் தொடங்கிய கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் ஒரு தலைகீழ் மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. அங்கே மதிப்பெண் பெறுவது நிறுவனம். நியாயமான கூலி கிடைத்ததா, சாப்பாடு கொடுத்தார்களா, கூடாரம் இருந்ததா, சுமை வரம்புக்குள் இருந்ததா, டிப்ஸ் வெளிப்படையாகப் பகிரப்பட்டதா என்பதை மலையிலிருந்து இறங்கும் போர்ட்டர்களிடமே கேட்டு நிறுவனங்களைத் தரப்படுத்துகிறார்கள். தரத்தில் தேறிய நிறுவனங்களின் பட்டியல் மலையேற வருபவர்களுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருப்பதால், நிறுவனங்களுக்கு நல்லபடி நடந்துகொள்ள ஒரு வணிகக் காரணம் கிடைத்துவிடுகிறது.

செயல்திறன் மதிப்பீடு மேலிருந்து கீழே மட்டும் பாய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களை அளக்கும்போது, பணம் எங்கே கசிகிறது என்பது உடனடியாகத் தெரியவருகிறது. அவர்கள் கைக்கு வராத பணத்தைப் பற்றி அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

டிப்ஸ் விஷயத்தில் சட்டங்களும் மெல்ல அசைகின்றன. பிரிட்டனில் 2023-இல் இயற்றப்பட்டு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடிக்கையாளர் தரும் டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் முதலாளி பிடித்தம் செய்யாமல் ஊழியர்களுக்கே நியாயமாகப் பகிர வேண்டும் என்கிறது. உள்ளூர்ப் பொருளாதாரத்தின் கண்ணோட்டத்தில் இது எளிய, வலுவான நடவடிக்கை. தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கக்கூடிய பணம் ஊழியரின் கையில் தங்குகிறது.

ஏணியும் சீசனும்

சுற்றுலா வேலை தருகிறது என்பது உண்மை. எந்த வேலை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். புதிதாக ரிசார்ட் திறக்கும்போது மேலாளர்களையும் தலைமைச் சமையல்காரரையும் வெளியிலிருந்து அழைத்து வருவது புரிந்துகொள்ளக்கூடியதே. அனுபவம் அங்கே இல்லை. பத்து ஆண்டு கழித்தும் அதே நிலை என்றால், அந்த நிறுவனத்தின் மதிப்பீட்டு முறை தோற்றுவிட்டது என்று அர்த்தம். நல்ல செயல்திறன் நிர்வாகத்தின் முதல் கடமை அடுத்த படிக்கு ஆளைத் தயார் செய்வது. இவருக்கு எந்தப் பயிற்சி கொடுத்தால் மேற்பார்வையாளராவார், எந்த மொழி கற்றால் வரவேற்பு மேசைக்கு வருவார், கணக்கு கற்றுக்கொடுத்தால் கொள்முதல் பிரிவை நடத்துவாரா என்று கேட்கும் மதிப்பீடு ஊரின் வருமானத்தை நேரடியாக உயர்த்துகிறது. மேலாளர் சம்பளம் உள்ளூர்க் குடும்பத்துக்குப் போகத் தொடங்கினால், அது பல கடைநிலைச் சம்பளங்களுக்குச் சமம்.

பெண்களின் நிலையில் இந்த ஏணி இன்னும் குறுகியது. உலகச் சுற்றுலா அமைப்பின் 2019 அறிக்கை, சுற்றுலாப் பணியாளர்களில் 54 சதவீதம் பெண்கள் என்றது. மொத்தப் பொருளாதாரத்தில் அது 39 சதவீதம். அதே அறிக்கை இந்தத் துறையில் பெண்களின் ஊதியம் ஆண்களைவிட 14.7 சதவீதம் குறைவு என்றும் சொன்னது. பெண்களுக்கு வாசலைத் திறக்கும் தொழில், மாடிப்படியை மூடி வைத்திருக்கிறது.

சீசன் முடிந்ததும் ஆட்களை அனுப்பிவிட்டு அடுத்த சீசனுக்குப் புதியவர்களைத் தேடுவது இந்தத் தொழிலின் பழைய நோய். போனவரோடு அவர் கற்றதும் போய்விடுகிறது. எந்த அறையில் குழாய் ஒழுகும், எந்த விருந்தினருக்கு எது ஒவ்வாது, எந்த வியாபாரி சொன்ன நேரத்துக்குப் பொருள் கொண்டுவருவார் என்பதெல்லாம் அந்த அறிவில் அடக்கம். ஸ்பெயினின் 'ஃபிஹோ திஸ்கோந்தினுவோ' என்ற ஒப்பந்த வகை இதற்கு ஒரு பதில். ஊழியர் நிரந்தரமானவர், வேலை மட்டும் இடைவிட்டு வருகிறது. சீசன் தொடங்கும்போது அவரையே மறுபடி அழைக்க வேண்டும். பணி மூப்பும் தொடர்கிறது. 2021 சீர்திருத்தம் இதன் பயன்பாட்டை விரிவாக்கியது. வேலை இல்லாத மாதங்களின் கவலை இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டும் திரும்ப வருவார் என்று தெரிந்தவருக்கு நிறுவனம் பயிற்சி கொடுக்கும். திரும்ப அழைப்பார்கள் என்று தெரிந்தவர் ஊரை விட்டுப் போகாமல் இருப்பார்.

ஊரில் இருக்க வீடும் வேண்டுமே. இத்தாலியின் தீவு நகரமான வெனிஸின் பழைய பகுதியில் 1951-இல் ஏறக்குறைய 1.75 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இறங்கியது. அங்கே வேலை செய்பவர்களில் பலர் தினமும் நிலப்பகுதியிலிருந்து வந்து போகிறார்கள். சம்பளமும் அவர்களோடு பாலம் கடந்து போகிறது. பகல் பயணிகளிடம் 2024 ஏப்ரல் 25 முதல் வசூலிக்கத் தொடங்கிய 5 யூரோ நுழைவுக் கட்டணம் கூட்டத்தைப் பற்றிய நடவடிக்கை. போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர அது போதாது. கனடாவின் விஸ்லர் பனிச்சறுக்கு நகரம் வேறு வழியில் போனது. 1997-இல் ஒரு வீட்டு வசதி ஆணையத்தை அமைத்து, ஊழியர்கள் மட்டுமே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கூடிய வீடுகளைக் கட்டியது. பணியாளர்களில் முக்கால் பங்கினராவது நகருக்குள்ளேயே வாழ வேண்டும் என்பதை இலக்காக வைத்தது. தாமதமாக வருகிறார், களைத்திருக்கிறார் என்று ஒருவரின் அப்ரைசலில் எழுதும் முன் அவர் எத்தனை மணி நேரம் பயணம் செய்து வருகிறார் என்று கேட்பது நல்லது.

நிர்வாகத்தால் தீராதவை

எல்லாவற்றையும் மதிப்பீட்டு முறை தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மாலத்தீவில் 1972-இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து பல பத்தாண்டுகள், பெரும்பாலும் மக்கள் வசிக்காத தீவுகளில்தான் சுற்றுலா நடந்தது. ஊழியர்கள் குடும்பத்தை விட்டு ரிசார்ட் தீவில் தங்கி வேலை செய்தார்கள். பயணியின் பணம் ஊர்த் தீவுகளின் கடைகளைச் சேர வழி மிகக் குறைவாகவே இருந்தது. 2009-ஐ ஒட்டி விதிகள் தளர்ந்து, மாஃபூஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் வந்தபோதுதான் சிறு உரிமையாளர்கள் தோன்றினார்கள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒழுங்குமுறை. எவ்வளவு திறமையான மனிதவள மேலாளரும் அதைச் செய்திருக்க முடியாது. உரிமை யாரிடம் என்ற கேள்வி எப்போதும் சம்பளக் கேள்விக்கு முன்னால் நிற்கிறது.

ஆனாலும் உரிமை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுதிக்கு உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் உள்ளூர் நிர்வாகம் கேட்டு வாங்கக்கூடிய சில எண்கள் உண்டு: மொத்தச் சம்பளத்தில் அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்குப் போன பங்கு, மேற்பார்வையாளர் முதல் மேலே உள்ள பதவிகளில் உள்ளூர்க்காரர்களும் பெண்களும் எத்தனை பேர், போன சீசனில் இருந்தவர்களில் இந்தச் சீசனில் திரும்பியவர்கள் எத்தனை பேர், டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் எந்த விதிப்படி பகிரப்பட்டன, ஓர் ஆண்டில் பணியிடக் காயத்தால் விலகியவர்கள் எத்தனை பேர். இவற்றில் எதற்கும் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. சம்பளப் பதிவேட்டிலும் பணியாளர் கோப்பிலும் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கின்றன. வருகை எண்ணிக்கையை வெளியிடும் அதே அறிக்கையில் இவற்றையும் ஊர்வாரியாக வெளியிடலாம்.